மாதன் ஜீப்பின் வலக்கதவு

அந்தக் கதவு சுண்டுவிரலால் தள்ளினாலே திறந்தது. முருகவேலுக்குப் பிடிபடாத விஷயம் அதுதான்.

வடக்கனந்தல் தாண்டி, கச்சிராயபாளையம் போகிற சாலையில் அவனுடைய டிங்கரிங் ஷெட் இருந்தது. நசுங்கிய தகரத்தை நிமிர்த்துவது, துருப்பிடித்த தரையை வெட்டி ஒட்டுப்போடுவது, கதவுகளைச் சரிசெய்வது, இவைதான் தொழில். கல்வராயன் மலைக்கு ஏறி இறங்குகிற ஜீப்புகளில் பாதி அவன் கைபட்டவை. ஒரு கதவு திறக்க மறுத்தால் காரணத்தை அவனால் அரை நிமிடத்தில் சொல்லிவிட முடியும். கீல் இறங்கியிருக்கும், பூட்டு நாக்கு வளைந்திருக்கும், சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கும். நாலாவது காரணம் ஒன்று உண்டு என்று இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவன் கேள்விப்பட்டதில்லை.

ஷெட்டின் பின்புறம் தார்ப்பாய் போர்த்தி நின்ற ஜீப் மாதனுடையது. மாதன் மலைக்காரன். சாமை மூட்டைகளையும் ஆட்களையும் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கீழே இறக்குவான். கார்த்திகை மாதத்து அடைமழையில் ஒருநாள் மதியம், தரைப்பாலத்தின் மேல் ஓடிய தண்ணீரைக் கடக்கும்போது வெள்ளம் ஜீப்பைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுபோய்ப் பாலத்துக்குக் கீழே இருக்கும் மடுவில் இறக்கிவிட்டது. ஜீப் கவிழவில்லை. நாலு சக்கரத்திலும் நின்றபடியே மூழ்கியது. வெள்ளம் வடிந்து, மறுநாள் காலையில்தான் ஆள் இறங்க முடிந்தது. மாதன் ஓட்டுநர் இருக்கையில் இருந்தான். கண்ணாடிகள் எல்லாம் மேலே ஏற்றியபடி இருந்தன. ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. உடலை எடுத்த பிறகு ஜீப்பை இழுத்துவந்து முருகவேல் ஷெட்டில் விட்டார்கள்.

மடுவில் முங்கிக் கதவைத் திறந்தவன் பச்சமுத்து. ஊரில் கிணற்றில் விழுந்த ஆட்டையும் ஆளையும் எடுக்கிறவன் அவன்தான். அவன் சொன்னது ஒரே வாரத்தில் மலை முழுக்கப் பரவிவிட்டது.

“கைப்பிடிய இப்பிடி ஒரு இழு இழுத்தேன். பொசுக்குனு தொறந்துக்கிச்சு. பூட்டுகூடப் போடல.”

அதற்குப் பிறகு வாய்கள் சும்மா இருக்குமா? திறக்கிற கதவைத் திறக்காமல் ஒருவன் ஏன் உட்கார்ந்திருந்தான்? குடித்திருந்தான் என்றார்கள். மருத்துவமனைக் காகிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், அப்படியானால் மனசு வெறுத்து உட்கார்ந்துவிட்டான் என்றார்கள். வீட்டில் அன்று காலையில் சண்டையாமே என்று ஒருவர் எடுத்துக்கொடுத்தார்.

சண்டை நடந்தது உண்மைதான். அதை முருகவேலிடம் சொன்னது மாதனின் மனைவி பெரியம்மாளே. தை மாதம் ரேஷன் அட்டை வேலையாகக் கீழே வந்தவள் ஷெட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இந்த மழையில் போகாதே என்று தான் தடுத்ததையும், மூட்டையை இன்றைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டேன் என்று அவன் கிளம்பியதையும், கோபத்தில் ‘அப்ப திரும்பி வராத, அப்பிடியே போ’ என்று தான் சொன்னதையும், யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொல்லி முடித்தாள்.

“கதவு தொறக்கலையா, அவரு தொறக்கலையா? அத்த மட்டும் சொல்லிடுண்ணா. நீதான் அந்தக் கதவ செஞ்ச ஆளு.”

முருகவேல் தார்ப்பாயை ஓரமாகத் தூக்கி வலக்கதவைக் காட்டினான். கதவு பழுது என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் அவள் நெஞ்சிலிருந்து கல் இறங்கும். தன் நெஞ்சில் ஏறினாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவள் கண்ணெதிரே, அவள் கையாலேயே கதவு திறந்துகொண்டது. அவள் இரண்டு முறை திறந்து மூடிவிட்டு, பார்த்துச் சொல்லு என்று போய்விட்டாள்.

அவள் பேருந்து ஏறின பிறகு முருகவேல் தார்ப்பாயை முழுக்க விலக்கினான். அன்றிலிருந்து தினம் வேலை முடிந்ததும் அந்தக் கதவோடுதான் இருந்தான். பின்னால் மணல் மூட்டை ஏற்றிச் சட்டம் முறுக்குகிறதா என்று பார்த்தான். ஒரு பக்கச் சக்கரத்தைக் கல்மேல் ஏற்றிச் சாய்த்துப் பார்த்தான். பூட்டுக்குள் சேற்றுத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். எதைச் செய்தாலும் கதவு சத்தமில்லாமல் திறந்தது. அவன் செய்த வேலை அவ்வளவு சுத்தம்.

ஐப்பசியில் மாதன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரே குறைக்காகத்தான். ஓடை கடக்கும்போதெல்லாம் கதவு இடுக்கிலும் தரை ஓட்டையிலும் தண்ணீர் ஏறி அடிமூட்டை நனைந்துவிடுகிறது, நனைந்த சாமையை யாரும் எடுப்பதில்லை. மலையில் வண்டி ஓட்டுகிற எல்லாரும் செய்வதுபோல அவனும் தண்ணீரைக் கண்டால் முதலில் கண்ணாடிகளை இறுக ஏற்றிவிட்டுத்தான் இறங்குவான். அது போதவில்லை என்றான்.

முருகவேல் கதவின் உள்தகட்டை நிமிர்த்தி, சுற்றி இரட்டை ரப்பர் பட்டை ஒட்டினான். கதவின் அடியிலும் தரையிலும் இருந்த வடிகால் துளைகளுக்கெல்லாம் அடைப்பான் போட்டான். முடித்துவிட்டு ஹோஸ் குழாயால் அரைமணி நேரம் அடித்துக் காட்டினான். உள்ளே தரையில் மாதன் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தான். தாள் நனையவில்லை.

“ஒரு சொட்டு உள்ள வராது. நான் கேரண்டி” என்றான் முருகவேல்.

“உள்ள ஒக்காந்தா மூச்சு முட்டும் போலக்கீதே” என்று சிரித்தான் மாதன்.

மாசி பிறந்தபோது கள்ளக்குறிச்சியிலிருந்து அருள்மொழி என்ற அறிவியல் டீச்சர் ஸ்கூட்டியில் வந்தார். பள்ளிக் கண்காட்சிக்குத் தகரத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வேண்டும், முழ நீளம் இருந்தால் போதும், தொட்டியில் மூழ்கி எழ வேண்டும் என்றார். பையில் நாலைந்து படங்கள் சுருட்டி வைத்திருந்தார். ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிய பழைய போட்டோக்கள். அவற்றை மாதன் ஜீப்பின் பானெட்மேல் விரித்து, மூலைக்கு ஒரு ஸ்பேனரை வைத்தார்.

நீர்மூழ்கி என்றால் முருகவேல் மனசில் இருந்தது சினிமாவில் வரும் கருப்புத் திமிங்கலம்தான். இந்தப் படங்களில் இருந்தது வேறு. ஒன்றில் வட்டத் தொப்பி போட்ட மீசைக்காரர் ஒருவர், இரும்புப் பீப்பாயிலிருந்து அரை உடம்பை வெளியே நீட்டி நின்றார். இன்னொன்றில் ஒரு பாதிரியார் தாம் கட்டிய கப்பலின் மேல் கைக்குழந்தையோடு நின்றார். நானூறு வருடங்களுக்கு முன்பே லண்டன் ஆற்றில் தோல் போர்த்திய படகைத் தண்ணீருக்கு அடியில் துடுப்பு போட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்றும், அதற்கெல்லாம் போட்டோ கிடையாது என்றும் டீச்சர் சொன்னார். அந்த நாளில் என்ஜினும் கிடையாது, மின்சாரமும் கிடையாது, எல்லாம் கையாலும் காலாலும்தான்.

முருகவேலின் கண் மூன்றாவது படத்தில் நின்றது. பட்டை பட்டையான வார்களில் கட்டி, கடலிலிருந்து தூக்கப்படுகிற நீளமான இரும்புக் குழாய். அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டையின்போது செய்தது என்றார் டீச்சர். எட்டுப் பேர் உள்ளே உட்கார்ந்து, நீளமான இருசைக் கையால் சுற்றி ஓட்டியிருக்கிறார்கள். மூன்று முறை மூழ்கி இருபத்தொரு பேரைக் கொண்டுபோயிருக்கிறது. கடைசியாக மூழ்கி நூற்று முப்பத்தாறு வருடம் கழித்து மேலே எடுத்தபோது எடுத்த படம் இது. உள்ளே ஒவ்வொருவரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்களாம்.

“எட்டுப் பேருமா? யாரும் கதவாண்ட போகலையா?”

“போகல. ஏன்னு இன்னிக்கும் ஆராய்ச்சி பண்ணிக்கினுதான் கீறாங்க.”

முருகவேல் ஸ்பேனரை எடுத்துத் துணியில் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான். பிறகு, அவரைப் பார்க்காமல் கேட்டான்.

“டீச்சர், இதுல எதுலனா கதவத் தொறந்து தப்பிச்சவன் உண்டா?”

அருள்மொழிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வகுப்பில் யாரும் கேட்காத கேள்வியாக இருக்க வேண்டும். கடைசிப் படத்தை உருவி மேலே வைத்தார். தடித்த மீனைப்போல, மூக்கு மழுங்கிய, ஆணி அறைந்த இரும்புக் கூடு. ஜெர்மனியில் ஒரு காட்சியகத்தில் இன்றும் நிற்கிறதாம். 1851-இல் பாயர் என்பவர் இன்னும் இரண்டு பேரோடு இதில் அந்த நாட்டுக் கீல் என்ற ஊரின் துறைமுகத்தில் முங்கினார். செலவைக் குறைக்கத் தகடு மெல்லிசாகப் போட்டிருந்தார்கள். கூடு நசுங்கி, நீர் கசிந்து, நேரே அடிமட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. மேல்மூடியை மூன்று பேரும் சேர்ந்து தள்ளினாலும் அசையவில்லை.

“பூட்டு இறுகிச்சா?”

“பூட்டுல ஒண்ணுமில்லண்ணா. வெளிய இருக்கிற தண்ணி மூடிமேல ஒக்காந்துக்கினு இருக்கு. உள்ள இருக்கிறது வெறும் காத்து. காத்து எப்பிடித் தண்ணிய எதுத்துத் தள்ளும்?”

பாயர் செய்தது என்ன தெரியுமா என்று டீச்சர் மேலே சொன்னார். உள்ளே இருந்த வால்வைத் திறந்து கடலை உள்ளே விடச் சொன்னார். கூட இருந்த இருவரும் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள், தடுத்தார்கள். உயிரோடு இருக்கிறவன் தண்ணீரை வெளியே இறைப்பானா, உள்ளே விடுவானா? ஆனால் வேறு வழி இல்லை. மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஏறுகிற தண்ணீர் உள்ளே இருந்த காற்றை நெருக்கியது. உள்ளே இருக்கும் நெருக்கம் வெளியே இருப்பதற்குச் சமமானதும் மூடி திறந்துகொண்டது. காற்றுக் குமிழியோடு குமிழியாக மூன்று பேரும் மேலே வந்து விழுந்தார்கள். மூன்று பேரும் பிழைத்தார்கள்.

முருகவேல் உட்கார்ந்துவிட்டான். கீழே கிடந்த டயர்மேல், கையில் துணியோடு.

பிறகு பானெட்டைக் காட்டி, இது யாருடைய ஜீப் என்று சொன்னான். அருள்மொழி அவசரமாகப் படங்களைச் சுருட்டப்போனார். வேண்டாம், இருக்கட்டும் என்றான். இந்தக் கதவுமேல் எவ்வளவு உட்கார்ந்திருக்கும் என்று கேட்டான். டீச்சர் கதவைச் சாணால் அளந்தார், கைபேசியில் தட்டினார். தண்ணீர் கண்ணாடியின் கீழ்விளிம்புவரை வந்தாலே இருநூற்றைம்பது கிலோ. கூரை மூழ்கிவிட்டால் ஒரு டன்னை நெருங்கும்.

இருநூற்றைம்பது கிலோ என்றால் ஐந்து மூட்டை சாமை. மாதன் ஒரு மூட்டையை முதுகில் போட்டு நடப்பதை முருகவேல் பார்த்திருக்கிறான். ஐந்து மூட்டையைச் சாய்த்துவைத்த கதவை யார் திறப்பார்கள்?

ஆனாலும் கணக்கு மட்டும் அவனுக்குப் போதாது. கையால் பார்த்தால்தான் அவன் நம்புவான். மறுநாள் எண்ணெய் டின் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்குக் கதவு வெட்டிக் கீல் வைத்தான். சுற்றிலும் சைக்கிள் ட்யூபை வெட்டிப் பட்டை ஒட்டினான். உள்ளே ஒரு ஸ்பிரிங் வைத்தான். கையை எடுத்தால் ஸ்பிரிங் கதவை வெளியே தள்ளித் திறக்கும், உள்ளே ஒரு ஆள் தள்ளுவதுபோல. டின்னின் அடியில் ஒரு துளை, அதற்கு ஒரு தக்கை, தக்கையில் நூல். மேலே ஆணித் துளை ஒன்று. கதவை விரலால் மூடிப் பிடித்தபடி டின்னைத் தண்ணீர் பேரலுக்குள் அமுக்கி, மேலே கல்லை வைத்து, விரலை எடுத்தான்.

கதவு திறக்கவில்லை. உள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல், ஓயாமல், விடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவனுக்குக் கதவு சும்மா இருப்பதுபோலத்தான் தெரிகிறது.

நூலை இழுத்தான். தக்கை வந்தது. மேல்துளையில் குமிழி புறப்பட்டது, குபுகுபுவென்று வந்தது, குறைந்தது. டின் நிறைகிற நேரத்தில் யாரும் தொடாமலே கதவு திறந்துகொண்டது. பச்சமுத்து சொன்ன மாதிரியே, பொசுக்கென்று.

பச்சமுத்து பொய் சொல்லவில்லை. அவன் முங்கியபோது ஜீப் இரவெல்லாம் நிறைந்து கிடந்தது. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். கதவுக்குக் கனமே இல்லை. மாதன் உள்ளே உயிரோடு இருந்தபோது அதே கதவில் ஐந்து மூட்டையும் அதற்கு மேலும் சாய்ந்திருந்தன. தண்ணீர் உள்ளே வரவிடாமல் அடைத்துவைத்தது யார்? அரைமணி நேரம் ஹோஸ் அடித்தும் செய்தித்தாள் நனையவில்லை.

அன்று மாலையே அவன் இன்னொன்றும் செய்தான். இத்தனை நாளாகப் பூட்டையும் கீலையும்தான் பார்த்தோம், கதவின் உள்பக்கத்து ரெக்சின் பலகையைக் கழற்றவே இல்லையே என்று தோன்றியது. பலகை ஊறி உப்பியிருந்தது. ஆறு ஸ்குரூவையும் எடுத்துப் பலகையை இறக்கினான்.

பின்னால் இருந்த உள்தகடு அவன் ஐப்பசியில் தன் கையால் நிமிர்த்தி வழவழவென்று ஆக்கியது. அதில் இப்போது குழிந்து டொக்கு விழுந்திருந்தது. ஒன்றல்ல. குதிகால் அளவில், ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு. எல்லாம் உள்ளிருந்து வெளியே. டொக்கைப் பார்த்து எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு வேகத்தில் அடி விழுந்தது என்று சொல்வது அவன் தொழில். முதலில் விழுந்தவை ஆழமாக இருந்தன. ஓரத்தில் இருந்தவை ஆழம் குறைந்து, வெறும் தடமாக முடிந்தன. தரையில் கியர் கம்பி வரும் ஓட்டையில் மாதனின் துண்டு திணித்துக் கிடந்தது. சேற்றோடு சேறாக இருந்ததால் இதுவரை அது துண்டு என்றே அவனுக்குத் தெரியவில்லை. அந்த ஓட்டை ஒன்றைத்தான் ஐப்பசியில் அவன் அடைக்காமல் விட்டிருந்தான். அதையும் மாதன் அடைத்துவிட்டான்.

பெரியம்மாளுக்கு ஆள்விட்டுச் சொன்னான். சந்தை நாளில் வந்தாள். இந்த முறை அவளே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் எண்ணெய் டின்னை எடுத்துப் பேரலில் அமுக்கிக் காட்டினான். திறக்காததைக் காட்டினான். நூலை அவள் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னான். குமிழி வந்து, அடங்கி, கதவு திறந்ததை அவள் பார்த்தாள். இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். காட்டினான்.

பிறகு ஜீப்பிடம் அழைத்துப்போய்க் கதவுத் தகட்டைக் காட்டினான். விளக்கம் தேவைப்படவில்லை. அவள் குனிந்து, டொக்குகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். கடைசித் தடத்தில் கை நின்றது.

“வர்றதுக்குத்தான் பாத்துக்கீறாரு” என்றாள்.

“ஆமாம்மா. கடைசி வரைக்கும்.”

“நான் சொன்னத மனசுல வெச்சிக்கல.”

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் அழுதாள். ஷெட்டில் வேலை செய்தவர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டதும், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாளாக யோசித்ததை முருகவேல் சொன்னான். பட்டை ஒட்டியது தன் கைதான். துளையெல்லாம் அடைத்ததும் தன் கைதான். பழைய ஓட்டை ஜீப்பாகவே இருந்திருந்தால் தண்ணீர் சீக்கிரம் நிறைந்து, மாதனுக்குத் தெம்பு இருக்கும்போதே கதவு திறந்திருக்கலாம்.

பெரியம்மாள் மறுபடி கதவுத் தகட்டில் கையை வைத்தாள். “ஒழுங்கா செய்யிற ஆளுன்னுதானண்ணா ஒன்னாண்ட வந்தாரு.” ஆறுதலாகச் சொன்னாளா, குற்றமாகச் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

எழுந்து போகும்போது அவள் திரும்பி நின்றாள்.

“தண்ணிய உள்ள விட்டா பொழைக்கலாம்னு அவருக்குத் தெரியாது. எங்க மலையில யாருக்குமே தெரியாது. இன்னிக்கும் எல்லாரும் கண்ணாடிய ஏத்திக்கினுதான் எறங்குறாங்க. வர்ற வண்டியிலெல்லாம் எழுதி வையிண்ணா.”

அந்த வாரமே முருகவேல் மாதன் ஜீப்பின் துளைகளிலிருந்து அடைப்பான்களைப் பிடுங்கி எடுத்தான். டீச்சருக்கு நீர்மூழ்கியைச் செய்து கொடுத்தான், கூடவே எண்ணெய் டின்னையும். மலைக்குப் போகிற எந்த ஜீப் ஷெட்டுக்கு வந்தாலும், வேறு எந்த வேலையானாலும், வலக்கதவின் உள்பக்கம் ஓட்டுகிறவன் கண்ணில் படுகிற இடத்தில் வெள்ளைப் பெயின்டால் இதை எழுதித்தான் அனுப்புகிறான்:

வண்டி தண்ணீரில் விழுந்தால் கதவைத் தள்ளித் தெம்பை வீணாக்காதே. தண்ணீர் கண்ணாடிக்கு ஏறும் முன் கண்ணாடியை இறக்கி, அதன் வழியே வெளியே வா. கண்ணாடி இறங்காவிட்டால் தண்ணீரை அடைக்காதே, உள்ளே விடு. கழுத்துவரை வந்ததும் மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, வண்டி நிறைந்த பிறகு கதவைத் தள்ளு. திறக்கும்.